ஞானஸ்நானத் தொட்டியின் முன்னே பெற்றோர்



கத்தோலிக்க வேதத்தில் பிறந்து, அதன் அனுஷ்டானங்களிலே வளர்ந்த ஒருவர், தாமே தாயாகவோ தந்தையாகவோ ஆன பிற்பாடு அந்தத் திருச்சபையில் நிலைத்திருக்கிறாரா, அல்லது அகன்று போகிறாரா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைத் தன்னகத்தே கொண்ட ஒரு சபையைப் பற்றி இவ்வாறு பொதுப்படக் கேட்டால் பொதுப்படத்தான் விடை கிடைக்கும். அவ்விடையால் ஒருவருக்கும் பயன் இராது. ஆகையால் அயர்லாந்து என்னும் ஒரு சிறு தேசத்தை மட்டும் கண்முன் நிறுத்திக்கொண்டு பேச விரும்புகிறேன். குடும்பமும் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் கோவிலும் ஒன்றோடொன்று அவ்வளவு இறுகப் பின்னிக் கிடந்த தேசங்கள் மிகச் சிலவே. அப்பின்னல் ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள்ளேயே அவிழ்ந்துபோனது அதனினும் அபூர்வம். நமக்கும் அந்நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1842ஆம் ஆண்டிலே பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள்; இந்நகரில் ‘கான்வென்ட்டுப் படிப்பு’ என்று நாம் மதிப்போடு சொல்லி வருவதன் ஊற்றுக்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

ஒருவன் தன் சமயத்தை விட்டு விலகினான் என்று கேள்வியுற்றால், அவன் உள்ளத்தில் ஏதோ ஒரு பெரும் போராட்டம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று நாம் உடனே ஊகிக்கிறோம்; நூல்களைக் கற்றான், ஐயுற்றான், இரவெல்லாம் உறங்காது விவாதித்தான், இறுதியிலே துணிந்தான் என்றெல்லாம் அவனுக்கு ஒரு சரித்திரம் கற்பிக்கிறோம். அத்தகையோர் எந்நாட்டிலும் சிலரே. அயர்லாந்தில் ஓர் இளைஞன் இருபதாம் வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணப் போவதை நிறுத்திவிட்டால், இன்றைக்கு அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அவனே பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவனுக்கு ஒரு குழந்தை பிறந்து, பத்து நாள் கழித்து அவனுடைய தாய் தொலைபேசியில் அழைத்து, “ஞானஸ்நானம் என்றைக்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்கும்பொழுது, பத்தாண்டுகளாக அவன் ஒத்திப்போட்டு வந்த கேள்வி வாசற்படியில் வந்து நின்றுவிடுகிறது. தங்குவதும் விலகுவதும் அந்நாட்டிலே ஒருவன் தனக்கென்று செய்துகொள்ளும் காரியங்களாக இருந்ததே இல்லை. தன் பிள்ளைக்குச் செய்யும், அல்லது செய்யாது விடும், காரியங்களாகவே அவை இருந்து வந்திருக்கின்றன. சட்டமும் பள்ளிக்கூடமும் பாட்டிமாரும் கூடித்தான் அவற்றை அவ்வாறு ஆக்கினர் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய ஆதாரங்களை இனிச் சொல்லுகிறேன்.

பழைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஞானஸ்நானத்தால் பிறவிப் பாவம் நீங்காமல் இறந்துபோன குழந்தை மோட்சத்தை அடைய மாட்டாது என்றும், லிம்போ எனப்பட்ட ஓர் இடைநிலையில், துன்பமும் இன்றி இறைக்காட்சியும் இன்றி என்றென்றைக்கும் தங்கிவிடும் என்றும் பல நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்டது. அது திருச்சபை வரையறுத்து அறிவித்த விசுவாச சத்தியம் அன்று. வேத சாஸ்திரிகளின் கொள்கையே. எனினும் கிராமத்துத் தாய்மாருக்கு அந்த வேற்றுமையை எவரும் எடுத்துச் சொன்னதில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுதி, குழந்தைகளுக்குக் கூடிய விரைவில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே பிறந்து ஓரிரு நாளிலேயே குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தூக்கிச் செல்பவர்கள் ஞானத்தாயும் ஞானத்தந்தையும். பிரசவித்த தாய் படுக்கையிலே கிடப்பாள். குருவானவர் குழந்தையைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்குக் குழந்தைக்குப் பதிலாக ஞானப்பெற்றோர் விடை சொல்வார்கள். பெற்றவர்களுக்கு அந்தச் சடங்கிலே சொல்லுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சில வாரங்கள் கழித்துத் தாய் தனியாகக் கோவில் வாசலுக்கு வந்து, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டு உள்ளே செல்வாள்.

அவ்வாறு தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னரே குழந்தை இறந்துவிட்டால்? அயர்லாந்தின் மேற்குக் கரையோரங்களில், பாழடைந்த கோவில்களின் அருகிலும் வயல் எல்லைகளிலும் கடற்கரை மேடுகளிலும், பெயர் பொறிக்காத சிறு கற்கள் சிதறிக் கிடக்கும் இடங்கள் உண்டு. ஐரிஷ் மொழியில் அவற்றைக் ‘கிலீன்’ என்பார்கள். மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெறாத சிசுக்களைப் புதைத்த நிலங்கள் அவை. தந்தையோ உறவினரில் ஓர் ஆண்மகனோ, இருட்டிய பிறகு, குருவும் இன்றி ஜெபமும் இன்றி, சிறு பெட்டியைச் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு வருவது வழக்கம். இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் சில இடங்களிலே நீடித்தது. 2007ஆம் ஆண்டில், ஞானஸ்நானம் பெறாது இறக்கும் குழந்தைகளும் ஈடேற்றம் அடைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று சர்வதேச வேதசாஸ்திரக் குழு உரோமையிலே ஓர் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையை வாசித்தபொழுது, அந்தப் பெட்டிகளைச் சுமந்த தந்தையரில் எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இத்தகைய அச்சம் வீட்டுக்குள் குடியிருந்த காலத்திலே, தங்குவதா விலகுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. கேள்வி எழ முடிந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: தாய் ஒரு சபையும் தந்தை ஒரு சபையுமாக அமைந்த வீட்டிலே.

1908 முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ என்னும் உரோமைச் சட்டம், கத்தோலிக்கர் ஒருவர் குருவின் முன்னிலையில் அல்லாது செய்துகொள்ளும் விவாகம் செல்லாது என்றது. ஆகவே புராட்டஸ்டண்டுப் பெண்ணை மணக்க விரும்பும் கத்தோலிக்கனும் குருவினிடமே வந்தாக வேண்டியிருந்தது. குருவோ, பிறக்கும் பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராகவே வளர்ப்போம் என்று இருவரும் எழுத்தில் வாக்களித்தால் அன்றி விவாகத்தை நடத்தி வைக்க மாட்டார். 1950இல் டில்சன் வழக்கு என்பதிலே அயர்லாந்தின் உச்சநீதிமன்றம் அந்த வாக்குறுதி சட்டப்படி பெற்றோரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது, கோவிலிலே கொடுத்த வாக்கை நீதிமன்றம் நிறைவேற்றித் தரும் என்று ஆயிற்று.

இதன் விளைவை முழுமையாகக் காட்டும் சம்பவம் ஒன்று வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்து ஃபெத்தர்டு ஆன் சீ என்னும் கடலோரக் கிராமத்திலே நிகழ்ந்தது. ஷான் குளோனி கத்தோலிக்கர். அவர் மனைவி ஷீலா புராட்டஸ்டண்டு. திருமணத்தின்போது வாக்குறுதியில் ஷீலா கையெழுத்திட்டிருந்தார். 1957இல் மூத்த மகள் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டியபோது, குழந்தை கத்தோலிக்கப் பள்ளியிலேதான் சேர வேண்டும் என்று பங்குக் குருக்கள் வற்புறுத்தினர். தம் பிள்ளையின் பள்ளியைத் தாமே நிச்சயிக்க இயலாத நிலையைப் பொறாத ஷீலா, ஏப்ரல் மாதத்தில் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் பெல்ஃபாஸ்டுக்கும், பின் ஸ்காட்லாந்துக்கும் போய்விட்டார். உள்ளூர்ப் புராட்டஸ்டண்டுகள் துணைபோயிருக்க வேண்டும் என்று சந்தேகித்த கத்தோலிக்க மக்கள் அவர்களை ஊர்விலக்கம் செய்தார்கள். புராட்டஸ்டண்டுகளின் கடைகளில் ஒருவரும் கால் வைக்கவில்லை. இசை கற்பித்த ஓர் ஆசிரியையிடமிருந்து மாணவர்கள் நின்றுகொண்டார்கள். கால்வே மேற்றிராணியார் மைக்கேல் பிரௌன் பிரசங்க மேடையிலிருந்தே ஊர்விலக்கத்துக்கு ஆதரவு காட்டினார். பிரதமர் டி வலேரா அவ்வாண்டு ஜூலையில் பாராளுமன்றத்தில் அதைக் கண்டித்துப் பேசினார். அவரே பழுத்த கத்தோலிக்கர், 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேஷ ஸ்தானம் அளித்தவர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். முடிவில் கணவனும் மனைவியும் மீண்டும் ஒன்றுகூடி அதே கிராமத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கும் அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார்கள். ஊரும் சபையும் சட்டமும் நீட்டிய இரண்டு வாசல்களையும் மூடிவிட்டு, மூன்றாவதாக அவர்கள் திறந்த வாசல் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், அந்த மறைமாவட்டத்தின் மேற்றிராணியார் பிரெண்டன் காமிஸ்கி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த இறுக்கத்தைச் சற்றே தளர்த்தியது. 1970இல் ஆறாம் பவுல் பாப்பரசர் கலப்பு விவாக விதிகளை மாற்றி, கத்தோலிக்கர் மட்டும் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களித்தால் போதும் என்றார். அதைக் காட்டிலும் முக்கியமானது, அதிகம் பேசப்படாதது, 1969இல் வெளியான புதிய ஞானஸ்நானச் சடங்குமுறை. அதுவரை ஓரத்திலே நின்ற பெற்றோரை அது தொட்டியருகே அழைத்து நிறுத்தி, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று அவர்களையே கேட்கச் செய்தது. பின்வந்த 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியும், குழந்தை கத்தோலிக்க விசுவாசத்திலே வளர்க்கப்படும் என்பதற்கு ஆதாரமான நம்பிக்கை இருந்தால்தான் ஞானஸ்நானம் முறையாகும் என்று விதித்தது. பெற்றோரைக் கௌரவிப்பதற்காகச் செய்த மாறுதல்கள் இவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒருவரைக் கேள்வி கேட்டால் அவர் இல்லை என்று சொல்லவும் கூடும். பெற்றோர் மறுப்பதற்கான இடத்தைத் திருச்சபை தன் கைப்படவே சடங்குக்குள் எழுதி வைத்தது.

ஆனாலும் அந்தத் தலைமுறையினர் மறுக்கவில்லை. 1968 ஜூலையில் வெளிவந்த ‘ஹுமானே வீத்தே’ நிருபம் செயற்கைக் கருத்தடையை முற்றாக விலக்கியது. அயர்லாந்திலோ 1935 முதற்கொண்டே கருத்தடைச் சாதனங்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். நான்கு குழந்தைகளின் தாயான மேரி மெகீ என்பவர், மறுபடியும் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்ததன்பேரில் தபாலில் வரவழைத்த மருந்தைச் சுங்க இலாகா பறிமுதல் செய்தது. கணவனும் மனைவியும் வழக்குத் தொடுத்தார்கள். 1973 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்காலத்திலே அந்நாட்டுக் கத்தோலிக்கரில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் பூசை கண்டவர்கள். நிருபத்துக்குக் கீழ்ப்படியாத தம்பதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தும், அவர்கள் ஞாயிறுதோறும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு கோவிலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போவதை மட்டும் மெல்ல விட்டார்கள். சொல்ல முடியாத ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் குறைவறச் செய்து வந்த அந்தப் பெற்றோரை நான் எளிதாக எடைபோடத் துணிய மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் ஒன்றைக் கவனித்தே வளர்ந்தார்கள்: திருச்சபையின் கட்டளையில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை அம்மாவும் அப்பாவும் தாமே தீர்மானிக்கிறார்கள் என்பதை. அந்தப் பிள்ளைகளே பின்னர் வாக்காளர்களாகி, 1995இல் விவாகரத்தை 9,114 வாக்கு வித்தியாசத்திலும், 2015இல் ஒருபால் விவாகத்தை நூற்றுக்கு 62 பேராகவும், 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்குவதை நூற்றுக்கு 66 பேராகவும் ஆதரித்தார்கள். மூன்று தடவையும் மேற்றிராணிமார் எதிர்ப்பக்கத்தில் நின்றனர். மூன்று தடவையும் வாக்களித்தவர்களிற் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்.

1979 செப்டம்பரில் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இரண்டாம் ஜான் பால் பாப்பரசரின் பூசைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டதையும், 2018இல் உலகக் குடும்பங்களின் மாநாட்டுக்காக வந்த பிரான்சிஸ் பாப்பரசருக்கு அதே பூங்காவில் கூடியவர்கள் அதில் ஒரு சிறு பங்கே என்பதையும் அருகருகே வைத்துக் காட்டுவது பத்திரிகைகளின் வழக்கம். இடையிலே நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். இங்கே விரித்துரைக்க நான் விரும்பவில்லை. கன்னியர் மடங்களின் சலவைச் சாலைகளில் அடைபட்ட பெண்கள், கைத்தொழிற் பள்ளிகளிலே வதைக்கப்பட்ட சிறுவர்கள், பங்குக் குருக்களால் கெடுக்கப்பட்ட குழந்தைகள், அவற்றை அறிந்தும் இடம் மாற்றி மறைத்த அதிகாரிகள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ரயன் அறிக்கையும் நவம்பரில் மர்பி அறிக்கையும் இவற்றுட் பலவற்றை ஆயிரக்கணக்கான பக்கங்களிலே பதிவு செய்தன. குற்றம் இழைக்கப்பட்டது பிள்ளைகளுக்கு ஆகையால், அதைப் படித்த பெற்றோரின் மனம் வேறு எந்தக் குற்றத்தாலும் கலங்கியிராத அளவுக்குக் கலங்கியது.

அவ்வாண்டிலேயே, முறைப்படி விலகிவிட விரும்புவோர்க்காகச் சிலர் ஒரு விலகல் பத்திரத்தைத் தயாரித்து வழங்கினார்கள். திருச்சபைச் சட்டத்தில் ‘முறையான விலகற் செயல்’ என்ற சொற்றொடர் விவாகம் பற்றிய சில விதிகளுக்குள்ளே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பம் செய்யத் தலைப்பட்டனர். ஆனால் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 2009 அக்டோபரிலே கையெழுத்திட்டு டிசம்பரில் வெளியான ஓர் ஆணை அந்தச் சொற்றொடரையே சட்டத்திலிருந்து அகற்றிவிட்டது. ஐரிஷ் விண்ணப்பங்களைத் தடுப்பதற்காகச் செய்ததன்று. விவாகச் சட்டத்தின் சிக்கல்களுக்காக நெடுங்காலம் ஆலோசித்துச் செய்தது. விளைவு என்னவோ ஒன்றுதான். ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையை இடுகிறது என்பது சபையின் போதனை. முத்திரை அழியாதெனில் பெயரை அடிப்பது எங்ஙனம்? ஜெர்மனியில் அப்படி அன்று. அங்கே வருமான வரியின் மேல் நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ சபை வரியாக அரசாங்கமே வசூலிக்கிறது. விலக விரும்புவோர் அரசாங்க அலுவலகத்துக்குச் சென்று கையெழுத்திட்டால் வரி நிற்கிறது. 2022இல் மட்டும் ஐந்து லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்கர் அவ்வாறு கையெழுத்திட்டனர். அயர்லாந்தில் அத்தகைய மேசையும் இல்லை, பேரேடும் இல்லை. அங்கே ஒருவர் விலகியதற்கு ஒரே அத்தாட்சி, அவருடைய பிள்ளையின் பெயர் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதே.

அந்தப் புத்தகத்தில் பெயரை ஏற்றியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளித் திட்டம் எல்லாச் சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு வகுக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் அது சபைகளின் பள்ளித் திட்டமாகவே மாறிவிட்டது. ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும்; பள்ளியின் புரவலர் மேற்றிராணியார். இன்றும் ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது ஏறக்குறைய இவ்வகையினவே. ஞானோபதேசமே பாடங்களில் தலையாயது என்று கூறிய 1965ஆம் ஆண்டுப் பள்ளி விதி 2016 வரை நீக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த சம அந்தஸ்துச் சட்டமும், சமயச் சார்புள்ள பள்ளிகள் தம் சமயப் பிள்ளைகளுக்கு முதலிடம் அளிக்கலாம் என்று ஒரு விலக்கைக் கொடுத்தது. பெரும்பாலான ஊர்களில் இதனால் தொல்லை இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் இடம் இருந்தது. ஆனால் டப்ளின் புறநகரங்களிலே, புதுக் குடியிருப்புக்கள் முளைத்துப் பள்ளியிடம் அருகிய பகுதிகளில், சேர்க்கைப் பட்டியலின் முதல் வரிசை ஞானஸ்நானச் சான்றிதழ் உடையவர்களுக்கு என்று ஆனது. வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளியை விட்டு, இரண்டு மூன்று ஊர் தள்ளி இடம் தேடி அலைந்தனர் சான்றிதழ் இல்லாத பெற்றோர்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன இளைஞன் மறுபடியும் வருகிறான். அவன் கடவுளை நம்புகிறானோ இல்லையோ, குருக்களின் மேல் அவனுக்கு இருந்த மரியாதை போய்விட்டது. ஆயினும் நான்கு வயதில் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும். தொட்டியருகே நின்று, விசுவாசத்தில் வளர்ப்பாயா என்ற கேள்விக்கு, வளர்ப்பேன் என்கிறான். குருவானவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், குருவுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். இதை வேஷம் என்று சொல்லுவோர் இரு திறத்தாரிலும் உண்டு: உறுதியான நாஸ்திகர் அவனைக் கோழை என்பர்; உறுதியான கத்தோலிக்கர் அவனைக் கபடன் என்பர். எனக்கு இரண்டும் நியாயமாகத் தோன்றவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியின் வாசலிலே ஞானஸ்நானம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைச் சுங்கமாக வைத்தது அந்த இளைஞன் அன்று. வைத்தவர்களுக்கே அது நன்மை செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டப்ளின் பேராயராக இருந்த டியர்மட் மார்ட்டின், தேவையான இடங்களிலே பள்ளிகளைச் சபை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பல்லாண்டு சொல்லி வந்ததற்கு, வெறும் பெயர்க் கத்தோலிக்கரைப் பெருக்கிக்கொண்டு போவதால் விசுவாசம் வளராது என்று அவர் உணர்ந்ததே காரணம்.

2018ஆம் ஆண்டின் பள்ளிச் சேர்க்கைச் சட்டம் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் ஞானஸ்நானத்தை முன்னுரிமைக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று விலக்கியது. சிறுபான்மைச் சபைகளின் பள்ளிகளுக்கு மட்டும் சலுகை நீடித்தது. சுங்கம் எடுபட்டதும் தொட்டிகள் காலியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானத்துக்கு வரவில்லை என்பது மெய்யே. ஆனால் நின்றுபோகவும் இல்லை. ஏனெனில் பள்ளி நிர்வாகத்திலும் வலியது பள்ளியின் வகுப்பறை. சேர்க்கைக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றாலும், இரண்டாம் வகுப்பிலே, ஏழு எட்டு வயதில், வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் முதன்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியும் பாட்டு, ஜெபம், ஒத்திகை. சேராத பிள்ளை அதே அறையின் பின்வரிசையில் படம் வரைந்துகொண்டோ வேறு புத்தகம் வாசித்துக்கொண்டோ உட்கார்ந்திருக்கும். சமய போதனையில் கலந்துகொள்ளாமல் பொதுப்பணப் பள்ளியில் படிக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 44ஆம் விதியிலேயே இருக்கிறது. எட்டு வயதுப் பெண் குழந்தைக்குச் சாசனத்தைப் பற்றி என்ன தெரியும்? தோழிகள் வெள்ளை உடுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

புதுநன்மை நாளைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லலாம். அது அந்நாட்டின் உண்மையான குடும்பத் திருவிழா. பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1910இல் நற்கருணை வாங்கும் வயதை ஏறக்குறைய ஏழாகக் குறைத்தபோது, அந்தக் குழந்தைகளின் பக்தியை எண்ணியே அவ்வாறு செய்தார். இன்றைக்கு மே மாதத்துச் சனிக்கிழமைகளிலே அயர்லாந்தில் அது மணவிழாவுக்குச் சற்றே குறைந்த கோலாகலம். வெள்ளைப் பட்டு உடை, முக்காட்டுச் சல்லா, சுருள் முடி அலங்காரம், பையன்களுக்குப் புதுக் கோட்டு. பூசை முடிந்ததும் பாட்டி வீடு, அத்தை வீடு, அண்டை வீடு என்று சுற்றி வந்து, உறைகளில் இட்டுத் தரும் பணத்தைச் சேர்த்தல். மாலையில் வீட்டு முற்றத்தில் விருந்து. ஏழைக் குடும்பங்களுக்கு இவ்வுடுப்புக்காக அரசாங்கமே உதவித் தொகை அளித்து வந்த காலமும் உண்டு. மறு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளில் மிகச் சிலரே கோவிலில் காணப்படுவார்கள் என்று குருமார் ஆண்டுதோறும் சலித்துக்கொள்வர். சலிப்பு நியாயமானது. எனினும் நம் ஊரிலே ஆண்டு முழுவதும் கோவிற்பக்கம் எட்டிப் பார்க்காத எத்தனை பேர் பிள்ளைக்கு முடியிறக்கக் குலதெய்வக் கோவிலுக்குப் படையெடுக்கிறார்கள் என்பதை அறிந்த நாம், அந்த ஐரிஷ் பெற்றோரைக் கண்டு அதிசயிப்பதற்கு இல்லை. பாட்டியின் மகிழ்ச்சிக்காக, வகுப்பில் பிள்ளை தனித்துப் போகாமைக்காக, தாம் நடந்த அதே வழியில் பிள்ளையும் ஒருமுறை நடந்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக அவர்கள் செய்கிறார்கள். விசுவாசம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

முற்றிலும் விலகத் துணிந்தவர்கள் என்ன ஆனார்கள்? அயர்லாந்தில் விலகியவர்களுள் உலகம் முழுதும் அறிந்தவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். சேசு சபையாரின் பள்ளிகளில் பயின்று, வேத சாஸ்திரத்தில் பல குருமாரினும் தேர்ச்சி பெற்று, பின் திருச்சபையை அடியோடு துறந்தவர். தம் குழந்தைகளுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஆனால் 1932இல் அவருக்குப் பேரன் பிறந்தபோது, அந்தக் குழந்தைக்கு அவர் அறியாமல் இரகசியமாக ஞானஸ்நானம் நடந்தது என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய ரிச்சர்டு எல்மன் குறிப்பிடுகிறார். அத்தனை பெரிய கலகக்காரரின் கலகமும் ஒரு தலைமுறையைக் கடந்து செல்லுபடியாகவில்லை. இதற்கு நேர்மாறான நிலை மேரி மெக்காலீஸுடையது. 1997 முதல் 2011 வரை நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். பின்னர் உரோமையிலே கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, குழந்தைகளின் உரிமைகளைப் பற்றி ஆராய்ந்து 2018இல் டாக்டர் பட்டம் பெற்றவர். பேசத் தெரியாத சிசுவை ஆயுள் முழுதும் நீடிக்கும் கடமைகளுக்குக் கட்டாயமாக ஆட்சேர்ப்பது எங்ஙனம் நியாயம் என்று, வெளியிலிருந்து அன்று, சபையின் சட்டத்தையே கையில் வைத்துக்கொண்டு அவர் வினவினார். வினவிவிட்டு, சபையிலேயே இருந்தார். ஜாய்ஸ் விலகியதைக் காட்டிலும் மெக்காலீஸ் தங்கியது மேற்றிராணிமாருக்கு அதிகச் சங்கடத்தைக் கொடுத்தது என்று எண்ணுகிறேன்.

ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தால், 1961இல் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் கத்தோலிக்கர்; 2011இல் 84; 2022இல் 69. சமயம் இல்லை என்றவர்கள் 1961இல் நாடு முழுவதும் ஆயிரத்துச் சொச்சம். 2022இல் ஏழு லட்சத்துக்கு மேல். இவ்வெண்களை எடுத்தாளுவோர் ஒன்றை மறக்கலாகாது: வீட்டுக்கு ஒரு படிவம், அதை நிரப்புபவர் பெற்றோரில் ஒருவர். கைக்குழந்தையின் சமயம் எது என்று எழுதுவதும் அவரே. 2022இல் கேள்வியின் அமைப்பும் மாறியது. ‘உங்கள் சமயம் எது’ என்றிருந்ததோடு ‘ஏதேனும் இருப்பின்’ என்பது சேர்ந்து, விடைகளின் வரிசையில் ‘சமயம் இல்லை’ என்பது முதலிடத்துக்கு வந்தது. தம்மைக் கத்தோலிக்கர் என்றும் பிள்ளையைச் சமயம் இல்லாதது என்றும் ஒரே படிவத்தில் ஒரே பேனாவால் எழுதுவதற்கு இப்பொழுது எந்தத் தடையும் இல்லை.

இன்றைய நிலைமையில் மிகவும் கவனிக்கத் தக்கதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் உரிய ஆயத்தத்தைப் பள்ளியின் கையிலிருந்து எடுத்துப் பங்கின் பொறுப்பிலும் பெற்றோரின் பொறுப்பிலும் விட வேண்டும் என்ற கருத்து டப்ளின் மறைமாவட்டத்திலேயே வலுத்து வருகிறது. பல சமயத்தாரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் 1978இல் டால்கியில் ஒன்றாகத் தொடங்கி இப்போது பலவாகப் பெருகியுள்ளன. அங்கே இந்த ஆயத்தம் பள்ளி நேரத்துக்கு வெளியே, விரும்பும் பெற்றோரின் ஏற்பாட்டிலே நடக்கிறது. எல்லா இடத்திலும் அவ்வாறே ஆகிவிட்டால், ஆசிரியை செய்து வந்ததைப் பெற்றோரே செய்ய வேண்டும். சனிக்கிழமைக் காலையில் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்து, பின்வரிசையில் தாமும் அமர்ந்து, வீட்டுக்குப் போனபின் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குத் தாமே விடை சொல்ல வேண்டும். 1969இல் தொட்டியருகே கேட்ட கேள்வி உண்மையிலேயே கேட்கப்படும் நாள் அதுவாக இருக்கும். வருவோர் தொகை குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு குறையும் என்பதும், வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய் தந்தையராகித் தங்கள் தாயாரின் தொலைபேசி அழைப்புக்கு என்ன விடை சொல்லுகிறார்கள் என்பதைக் கொண்டே தெரியவரும்.